"புல்லுக்குமா ஒரு படிப்பு?"

மேச்சேரியிலிருந்து எழுதிய அப்பாவுக்கு வணக்கமுங்க. பிளஸ் டூ படிக்கும் பாப்பா ராஜஸ்தானின் சேவன் புல்லைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டு, அதையே ஆராய்ச்சி பண்ணப் போகிறேன், பி.எஸ்சி. தாவரவியலில் சேர்த்துவிடுங்கள் என்று நிற்கிறாள். "ஆடு மேய்கிற புல்லுக்கு எதுக்குங்க பட்டம்?" என்கிறீர்கள் நீங்கள்.

பட்டி நிறைய ஆடு வைத்திருப்பவர் கேட்கிற கேள்வியா இது?

சேவன், ஜெய்சல்மேர், பிகானேர் மணலில் வளரும் பல்லாண்டுப் புல். வருடத்துக்கு 250 மி.மீ. மழைகூட இல்லாத இடத்திலும் தாக்குப்பிடிக்கும். ஒருமுறை தூர் கட்டினால் 20 வருடம்கூட நிற்கும். வேர் மணலைப் பறக்கவிடாது. தார்பார்க்கர் இன மாடுகள் அதை மேய்ந்துதான் பால் கறக்கின்றன. ஆனால் விதை கட்டவிடாமல் மேய்த்துக்கொண்டே இருந்தால் தூர் செத்துவிடும். டிராக்டர் விட்டு உழுதாலும் போச்சு. எத்தனை உருப்படி மேயலாம், எந்த மாதம் மேய்ச்சல் காட்டை அடைத்து வைப்பது, அழிந்த இடத்தில் எப்படி விதைப்பது? இதற்கெல்லாம்தான் படித்த ஆள் வேண்டும். ஜோத்பூரில் வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம், ஜான்சியில் 1962 முதல் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனம், இரண்டுமே மத்திய அரசுடையவை.

எனக்குத் தயக்கம் தாவரவியலில்தான். வழி அடைபடாது, ஆனால் குறுகிவிடும். பி.எஸ்சி. வேளாண்மை எடுக்கட்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும், நீட் வேண்டாம். அப்புறம் உழவியலிலோ, புது ரகம் உருவாக்கும் பயிர்ப் பெருக்கத்திலோ முதுநிலை. கோவையில் தீவனப் பயிர்களுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. விஞ்ஞானி ஆக வருடங்கள் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. நடுவில் மனம் மாறினாலும் வேளாண் அலுவலர் தேர்வு, வங்கி வேளாண் அதிகாரி தேர்வு இரண்டும் கையில் இருக்கும்.

சரி, ராஜஸ்தான் இருக்கட்டும். உங்கள் பக்கத்துப் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டுக்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு, ஒருநாள் கூட்டிப்போங்கள். வரும்போது மேட்டாங்காட்டில் கொழுக்கட்டைப் புல் கதிரை உருவி வரச் சொல்லுங்கள். விதை பஞ்சு மாதிரி, ஊதினால் பறக்கும். அதனால் ஈரமண்ணில் பிசைந்து, பாதியை இப்போதே தொட்டியில் போடட்டும். மீதியை ஆறேழு மாதம் காகிதப் பையில் வைத்திருந்து போடட்டும். புது விதை சரியாக முளைக்காது, பழையது முளைக்கும். ஏன் என்று பாப்பா உங்களிடம் வந்து கேட்டால், விண்ணப்பம் போட எனக்கு ஒரு போன் பண்ணுங்கள்.