பை நிறையப் பச்சை, புழுவோ சாகவில்லை

கேள்வி: தென்னங்கன்றுகளைக் கருவண்டு குடைகிறது. அதன் புழுக்கள் வளரும் எருக்குவியலில் இடுவதற்காக, பூச்சியைக் கொல்லும் மெற்றாரைசியம் பங்கசைக் குறுணல் அரிசியில் வளர்த்தேன். மாரியில் செய்தது நன்றாகப் பலித்தது. ஆவணியில் கொஞ்சம் சீனியும் சேர்த்து வளர்த்து, வெயிலில் காயவைத்து இட்டேன். பை நிறையப் பச்சை. ஆனால் ஒரு மாதமாகியும் புழுக்கள் கொழுத்துத்தான் கிடக்கின்றன. என்ன பிழை?
- வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: பச்சை நிறம் வித்தி (பங்கசு பரவும் விதை போன்ற நுண்தூள்) எவ்வளவு என்று மட்டுமே சொல்லும், அதில் உயிர் இருக்கிறதா என்று சொல்லாது. முதலில், எத்தனையாம் நாள் பச்சை வந்தது என்று நினைத்துப் பாருங்கள். மூன்றாம் நாளே வந்திருந்தால் அது வேறு பூஞ்சணம். மெற்றாரைசியம் வெள்ளையாய்ப் படர்ந்து, ஒரு வாரம் கழித்தே ஒலிவ் பச்சைக்கு மாறும்.

அடுத்தது சூடு. இதற்கு உகந்தது 25 முதல் 28 பாகை செல்சியஸ். கச்சான் காற்றுக் காலத்தில் தகரக் கூரையின் கீழ் 35 சாதாரணம். பைகளை அடுக்கினால் பங்கசின் சொந்தச் சூடும் சேர்ந்து நடுப்பை வெந்துவிடும். ஓலைக் கொட்டிலில், ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி வையுங்கள். பகல் வெளிச்சம் படட்டும், நேர் வெயில் வேண்டாம். இருட்டில் விளைந்த வித்தியைவிட வெளிச்சத்தில் விளைந்தது சூட்டையும் வெயிலையும் கூடத் தாங்கும்.

சீனியை விட்டுவிடுங்கள். கொழுத்த உணவில் வித்தி நிறைய வரும், ஆனால் நோஞ்சானாய் வரும். உணவு மட்டாக இருந்தால்தான் பங்கசு தன் வித்திக்குள் திரெகலோசு, மனிற்றோல் போன்ற காப்புச் சர்க்கரைகளைச் சேர்த்து வைக்கும்.

ஒரு கிலோ குறுணலுக்கு அரை லீற்றர் தண்ணீர் போதும். அவித்த பருக்கையை விரலிடையில் அழுத்தினால் பிளக்க வேண்டும், களியாகக் கூடாது. களியானால் நடுவில் காற்றுப் போகாது, பற்றீரியா புகுந்து புளித்த மணம் வரும். நாலாம் நாள் பையைக் குலுக்கிக் கட்டிகளை உடையுங்கள்.

இந்த முறை உங்கள் வித்தியைக் கொன்றது பெரும்பாலும் வெயில்தான். புறஊதாக் கதிருக்கு அது சில மணித்தியாலமே தாங்கும். நிழலில் கடதாசியில் மெல்லிதாய்ப் பரப்பி, இரண்டு மூன்று நாள் ஆறுதலாய் உலர்த்துங்கள்; தூசி மூக்கில் ஏறாமல் முகமூடி அணியுங்கள். நன்றாய்க் காய்ந்த வித்தியைக் குளிர்ந்த தண்ணீரில் கொட்டினால் அதன் மென்சவ்வு கிழியும். வெதுவெதுப்பான தண்ணீரில், இரண்டு துளி சவர்க்காரக் கரைசல் விட்டுக் கரையுங்கள். இல்லாவிட்டால் வித்தி நனையாமல் மேலே மிதக்கும்.

கொதிக்கும் புது எருவில் இடாதீர்கள். கையை உள்ளே விட்டால் சூடு தெரியாத, ஈரமான பழைய எருவில் கலவுங்கள். செத்த புழு அழுகாமல் விறைத்து, முதலில் வெள்ளையாயும் பிறகு பச்சையாயும் மாறினால் பங்கசு பிடித்துவிட்டது.

கேள்வி: குளிர்சாதனப்பெட்டி இல்லாமல் வித்தியை மாதக்கணக்கில் வைக்கலாமா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: வன்னிச் சூட்டில் வேண்டாம். தேவையான அளவே வளர்த்து, உலர்ந்ததும் இட்டுவிடுங்கள்.