இடதுகைக்காரருக்கு எந்த உறை, எந்தத் துப்பாக்கி?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொள்ளும் ஆசையில், நண்பரின் 1911 வகைக் கைத்துப்பாக்கியையும் இடுப்பு உறையையும் வைத்துப் பழகுகிறேன். எனக்கு இடதுகைப் பழக்கம். உறை வலது இடுப்புக்கானது. தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி நெம்போ கட்டைவிரலுக்கு எட்டவில்லை. துப்பாக்கியையே மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் உறையை மாற்றுங்கள், அதில் சமரசம் கூடாது. வலதுகைக்காரருக்கான உறையை இடது இடுப்பில் மாட்டினால் துப்பாக்கியின் பிடி முன்பக்கம் பார்க்கும். மணிக்கட்டை முறுக்கித்தான் உருவ வேண்டியிருக்கும், அந்த முறுக்கலில் குழலின் வாய் உங்கள் உடம்பையோ பக்கத்தில் நிற்பவரையோ கடந்து போகும். இடதுகைக்கென்றே செய்த, விசையையும் அதன் காப்பு வளையத்தையும் முழுதாக மூடுகிற, வாய் குழையாத கெட்டியான உறையாக வாங்குங்கள். மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) பைகள் வலது இடுப்புக்கு வரவேண்டும். தோட்டா முனைகள் முன்நோக்கி இருந்தால், மேகசினை எடுக்கும்போதே வலது ஆட்காட்டி விரல் மேல் தோட்டாவின் முனையைத் தொட்டு வழிகாட்டும்.

துப்பாக்கியை மாற்றத் தேவையில்லை. 1911-இன் சேஃப்டி இடப்பக்கம் இருப்பதால் இருபுறமும் நெம்பு உள்ள சேஃப்டியைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் அதை அரத்தால் ராவிப் பொருத்த வேண்டியிருக்கும் என்பதால், அனுபவமுள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். இது வீட்டில் செய்து பார்க்கிற வேலையன்று. மேகசினை விடுவிக்கும் பொத்தானை அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன். வலதுகைக்காரர் கட்டைவிரலால் அழுத்துவதை நீங்கள் ஆட்காட்டி விரலால் அழுத்துவீர்கள். அந்நேரம் அந்த விரல் விசையில் இருக்க வழியே இல்லை. நொட்டாங்கைக்குக் கிடைத்த அபூர்வச் சலுகை!

பின்னாளில் வேறு துப்பாக்கி வாங்கினால், 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறை கிளாக் கைத்துப்பாக்கியில், ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பகுதியை) நிறுத்தும் நெம்பு இருபுறமும் உண்டு. மேகசின் பொத்தானையும் பக்கம் மாற்றலாம். மாற்றிய பிறகு, ஒரு பக்கம் மட்டும் வெட்டுள்ள பழைய மேகசின்கள் அதில் பிடித்து நிற்காது.

புதிய உறை வந்ததும், மேகசினைக் கழற்றி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டு, உருவுவதை மெதுவாகப் பழகுங்கள். திரும்பச் செருகும்போது குனிந்து பாருங்கள். சட்டை நுனி விசைக்குள் சிக்குவது அப்போதுதான்.