பீட் சர்க்கரை ஆலையில் பழுதுபார்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளில் இயந்திரங்களைப் பராமரிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாதுகாப்பு விதியைக் கடைப்பிடித்தால் வேலை தாமதமாகிறது, வேலையை விரைவாக முடித்தால் விதி மீறப்படுகிறது என்ற கவலை பல கடிதங்களில் இருந்தது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றுவதற்குக் காரணம், பல ஆலைகளில் சரியான முறை கடினமாகவும் தவறான முறை எளிதாகவும் அமைந்துவிட்டதுதான் என்பது எமது கருத்து.

கேள்வி: ஐயா, எங்கள் ஆலை அறுவடைப் பருவத்தில் இரவு பகலாக ஓடுகிறது. ஒரு மணி நேரம் நின்றாலும் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்துவிடும். இந்த அவசரத்தில் பழுதுபார்ப்பவர்களின் பாதுகாப்பை எப்படி உறுதி செய்வது?

பதில்: அவசரத்துக்குக் காரணம் கிழங்கின் இயல்பிலேயே இருக்கிறது. அறுவடைக்குப் பிறகும் பீட் கிழங்கு சுவாசித்துக்கொண்டே இருப்பதால் குவியலில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அதன் சர்க்கரை குறைகிறது. உறைபனியில் உறைந்து மீண்டும் இளகிய கிழங்கோ விரைவில் அழுகிவிடுகிறது. ஆகவே ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்த ஆலைகள் இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலம் வரை நிற்காமல் ஓடுகின்றன. ஆண்டின் மற்ற மாதங்களில் இயந்திரங்கள் திறந்து கிடக்கின்றன.

பருவத்தின் நடுவே நள்ளிரவில் நடக்கும் பழுதுபார்ப்பு பாதுகாப்பாக அமையுமா என்பது பெரும்பாலும் அந்த ஓய்வு மாதங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஒரு பம்பைக் கழற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் இருபுறமும் வால்வுகள் இருந்து, இடையில் வடிகுழாய் இருந்து, மின் துண்டிப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், ஃபிட்டர் எந்தத் தயக்கமும் இல்லாமல் முறைப்படி துண்டித்துவிட்டே வேலையைத் தொடங்குவார். அந்தத் துண்டிப்பான் கீழ்த்தளத்தின் மறுகோடியிலும், வால்வு ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்திலும் இருந்தால், எவ்வளவு பயிற்சி பெற்றவரும் ஒருநாள் குறுக்கு வழியில் இறங்கிவிடுவார். அவரைக் கண்டிப்பதைவிடத் துண்டிப்பானை இடம் மாற்றுவதே பயன் தரும்.

ஆலையைப் பகுதி பகுதியாக நிறுத்தக்கூடியதாக அமைப்பதும் அதே அளவு முக்கியம். சாற்றுத் தொட்டிகளுக்குப் போதிய கொள்ளளவு இருந்தால், கிழங்கைச் சீவலாக நறுக்கும் சீவும் இயந்திரம் சிறிது நேரம் நின்றாலும், சாற்றைச் சுண்டவைக்கும் ஆவியாக்கிகள் நிற்க வேண்டியதில்லை. முன்பகுதி நின்றால் முழு ஆலையும் நின்றுவிடும் என்ற நிலை இல்லாதபோது ஃபிட்டரின் தோளுக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்துவதற்கும் யாரும் வரமாட்டார்கள்.

கேள்வி: மோட்டாரின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு "வேலை நடக்கிறது" என்று அட்டை மாட்டிவிடுகிறோம். அதற்கு மேல் ஆளுக்கொரு பூட்டு வேண்டும் என்பது மிகையாகத் தோன்றுகிறது. தங்கள் கருத்து என்ன?

பதில்: மிகையல்ல. அட்டை எச்சரிக்கை மட்டுமே செய்யும், யாரையும் தடுக்காது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா 1989இல் வெளியிட்ட ஆற்றல் துண்டிப்பு விதி, பூட்டையும் அட்டையையும் வேலையில் இறங்கும் ஆளோடு இணைத்ததன் காரணம் இதுவே. யார் உடம்பு இயந்திரத்துக்குள் இருக்கிறதோ அவரது பூட்டு, அவரது சாவி, அவரே கழற்ற வேண்டும். நான்கு பேர் உள்ளே இருந்தால் நான்கு பூட்டுகள். ஷிஃப்ட் மாறும்போது புதியவரின் பூட்டு ஏறிய பிறகே பழையவரின் பூட்டு இறங்க வேண்டும்.

பூட்டிய பின் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. இயக்கப் பொத்தானை அழுத்திப் பார்த்து, இயந்திரம் அசையவில்லை என்று கண்ணால் கண்ட பிறகே கை உள்ளே போக வேண்டும். தவறான மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்திருந்தால், அது வெளிப்படும் இடம் இந்தச் சோதனை ஒன்றுதான்.

மின்சாரம் மட்டுமே ஆற்றல் என்று எண்ணுவது பீட் ஆலையில் மிகவும் ஆபத்தானது. சாய்வான திருகுக் கடத்தியில் நிறைந்திருக்கும் ஈரச் சக்கை, மோட்டார் நின்ற பிறகும் தன் எடையாலேயே திருகைப் பின்னோக்கிச் சுழற்றக்கூடும். பாகைச் சுழற்றிச் சர்க்கரைப் படிகத்தைப் பிரிக்கும், ஒரு டன்னுக்கு மேல் பாகு ஏற்றும் சென்ட்ரிஃபியூகலின் கூடை, மின்சாரம் நின்ற பின்னும் தன் உந்தத்தில் சுழன்றுகொண்டிருக்கும்; கூடை முழுவதும் நின்றால்தான் மூடி திறக்கும் என்ற இடைப்பூட்டை எக்காரணம் கொண்டும் முடக்கிவைக்கக் கூடாது. சாறு ஓடும் குழாய்களிலும் வால்வை மூடிவிட்டோம் என்று நிம்மதி அடைந்துவிட முடியாது. சாற்றைச் சுத்திகரிக்கச் சுண்ணாம்பும் கரியமில வாயுவும் சேரும் கார்பனேற்றப் பகுதியில், வால்வு மூடிப் பதியும் இருக்கைமேல் சுண்ணாம்புப் படிவு ஏறிவிடுவதால், சக்கரம் முழுதும் திரும்பியிருந்தாலும் வால்வு முழுதும் மூடியிருக்காது. அத்தகைய இடங்களில் இரண்டு வால்வுகளை மூடி, அவற்றுக்கு இடையிலுள்ள வடிகுழாயைத் திறந்து வைக்க வேண்டும். அல்லது குழாய்களை இணைக்கும் விளிம்புகளான ஃபிளாஞ்சுகளுக்கிடையே அடைப்புத் தகடு செருக வேண்டும். குழாயைப் பிரிக்கும்போது உடம்புக்கு எதிர்ப்புறத்திலுள்ள போல்ட்டை முதலில் தளர்த்தினால், உள்ளே மிஞ்சியிருக்கும் சூடான சாறு முகத்தில் பாயாது.

கேள்வி: சீவும் இயந்திரத்தின் கத்திகளை மாற்றும்போதுதான் எங்கள் ஆட்களுக்கு அதிகக் காயம் ஏற்படுகிறது. கையுறை கொடுத்தும் பயனில்லை.

பதில்: கையுறை கடைசித் தடுப்பு. கத்தியை எத்தனை முறை கையால் தொட வேண்டியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

கிழங்கோடு மண்ணும் கல்லும் வருகின்றன. கிழங்கை நீரில் மிதக்கவிட்டுக் கொண்டுவரும் கால்வாயிலுள்ள கல் பிடிப்பான் சரியாக வேலை செய்யாவிட்டால், அந்தக் கற்கள் நேரே கத்தியில் வந்து மோதுகின்றன. கத்தி மழுங்குகிறது, உடைகிறது, சீவல் கூழாகிறது, சீவலிலிருந்து வெந்நீரால் சர்க்கரையைப் பிரித்தெடுக்கும் டிஃப்யூசரில் சாறு இறங்க மறுக்கிறது. உடனே கத்திகள் பொருத்தப்பட்ட டிரம்மை நிறுத்திக் கத்தியை மாற்றச் சொல்கிறார்கள். ஆகவே கத்தியால் வரும் காயத்தைக் குறைக்க நினைப்பவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் கல் பிடிப்பானே. அது எப்போது காலியாக்கப்பட்டது, கழுவும் தொட்டியின் கல் வெளியேற்றும் வாயில் ஒழுங்காகத் திறக்கிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பதிவு செய்யுங்கள். இரும்புத் துண்டுகளைப் பிடிக்கும் காந்தம் இருந்தால் அதையும் அந்தப் பதிவில் சேருங்கள்.

அடுத்து, இயந்திரத்திலேயே தனித்தனிக் கத்தியைக் கழற்றுவதை முற்றிலும் கைவிடலாம். கத்திகள் பொருத்தப்பட்ட சட்டத்தை முழுதாக வெளியே எடுத்து, தீட்டித் தயாராக வைத்திருக்கும் மற்றொரு சட்டத்தைச் செருக வேண்டும். தனிக்கத்திகளைப் பிரித்து மாற்றுவதைப் பணிமனை மேசையில், நல்ல வெளிச்சத்தில், பிடிமானத்தில் வைத்துச் செய்யலாம். சட்டத்தைத் தூக்குவதற்குக் கைப்பிடியும், அதை வைத்துத் தள்ளிச்செல்ல மூடிய வண்டியும் இருக்கட்டும். சட்டம் மாற்றுவதற்காக டிரம்மைச் சிறிது சிறிதாகச் சுழற்ற வேண்டியிருந்தால், விரலை எடுத்தவுடன் நின்றுவிடும் பொத்தான், சட்டத்தைக் கையாள்பவரின் கையிலேயே இருக்க வேண்டும். தொலைவில் நின்று இன்னொருவர் சைகை பார்த்து இயக்குவது கூடவே கூடாது.

கேள்வி: கார்பனேற்றத் தொட்டிக்குள் இறங்கும் முன் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறோம். அது சரியாக இருந்தால் இறங்கலாம் அல்லவா?

பதில்: இறங்கக் கூடாது. இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வாசகரும் தயவுசெய்து சற்று நேரம் ஒதுக்க வேண்டுகிறோம்.

கார்பனேற்றத்துக்கான வாயு, சுண்ணாம்புக்கல்லைக் கோக் என்ற நிலக்கரி எரிபொருளால் சுடும் சுண்ணாம்புக் காளவாயிலிருந்து வருகிறது. அந்த வாயுவில் கரியமில வாயு 30 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். அது காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. தொட்டியின் அடியிலும் குழிகளிலும் தேங்கி நிற்கும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. தொட்டிக்குள் 4 விழுக்காடு கரியமில வாயு புகுந்திருந்தால் ஆக்சிஜன் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குத்தான் இறங்கியிருக்கும். உள்ளே நுழையக் குறைந்தபட்சம் வேண்டியதாகப் பொதுவாகக் கொள்ளப்படும் 19.5 விழுக்காட்டுக்கு அது மேலேயே இருப்பதால் ஆக்சிஜன் மீட்டர் ஒலி எழுப்பாது. ஆனால் 4 விழுக்காடு என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு. கரியமில வாயு காற்றின் இடத்தைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. அது தானாகவே நஞ்சாகவும் செயல்படுகிறது. எனவே இந்த ஆலைகளில் கரியமில வாயுவைத் தனியாக அளக்கும் கருவி கட்டாயம் வேண்டும். காளவாயைச் சுற்றிக் கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவியும் வேண்டும். கோக் எரியும் இடத்தில் வாசனையே இல்லாத அந்த வாயு எப்போதும் எதிர்பார்க்கத் தக்கது.

அளப்பதற்கு முன்பே வாயுக் குழாயைத் தகடு வைத்து அடைத்திருக்க வேண்டும். மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். வேலை முடியும் வரை காற்றூதியும் மீட்டரும் நிற்கக் கூடாது. வெளியே நிற்பவர் வெளியேதான் நிற்க வேண்டும். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற மூச்சுக் கருவி இல்லாமல் ஓடி இறங்கியவர்கள் அவரோடு சேர்ந்து மடிந்த துயரம் உலகெங்கும் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கிறது. ஆகவே இறங்குபவர் இடுப்புக் கச்சையோடு கயிற்றில் இணைந்திருப்பதும், மேலே மூன்று கால் தாங்கியும் கயிற்றைச் சுற்றி இழுக்கும் சுழல்சக்கரமும் தயாராக இருப்பதும் முன்நிபந்தனைகள். ஆளிறங்கு வாயின் மூடி கீலில் தொங்கித் திறப்பதாகவும், வாய் அகலமாகவும் இருந்தால் மீட்புக்கு அது பேருதவி.

ஆவியாக்கிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. குழாய்களின் படிவை நீக்க அமிலம் ஏற்றிக் கழுவும்போது, அமிலம் சுண்ணாம்புப் படிவோடு வினைபுரிந்து கரியமில வாயுவையும், இரும்போடு வினைபுரிந்து ஹைட்ரஜனையும் வெளியிடுகிறது. கழுவி முடித்ததும் கலத்தின் மேற்பகுதியில் தேங்கியிருக்கும் ஹைட்ரஜனை வெளியேற்றி, எரியக்கூடிய வாயுவை அளக்கும் மீட்டரால் அளந்து பார்க்காமல் அங்கே வெல்டிங் பொறியோ சாதாரணக் கைவிளக்கோ கொண்டுபோகக் கூடாது. முடிந்தவரை ஆளே உள்ளே போகாமல், சாற்றின் தரத்தையும் படிவுத் தடுப்பானையும் கவனித்துக் கழுவும் தேவையையே குறைப்பது எல்லாவற்றிலும் மேல்.

கேள்வி: ஓடும் இயந்திரத்துக்குக் கிரீஸ் வைப்பதைத் தவிர்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. கிரீஸ் வாயைக் காப்புக் கூண்டுக்கு வெளியே மெல்லிய குழாய் மூலம் கொண்டுவந்து ஒரே பலகையில் வரிசையாகப் பொருத்துங்கள், செலவு குறைவு. எட்டாத உயரத்தில் உள்ள பேரிங்குகளுக்குத் தானியங்கி கிரீஸ் கருவி வைக்கலாம். குழாய் அடைத்துக்கொண்டால் வெளியே தெரியாது என்பதால், பேரிங்கின் வெப்பத்தையும் அதிர்வையும் அளந்து வருவது அவசியம்.

கேள்வி: சர்க்கரைத் தூள் வெடிக்கும் என்கிறார்கள். பராமரிப்புப் பிரிவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: மிக நெருங்கிய தொடர்பு. 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரிலிருந்த இம்பீரியல் சுகர் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த தூசு வெடிப்பில் 14 பேர் உயிரிழந்தனர். அது கரும்புச் சர்க்கரை ஆலை. ஆயினும் உலர்ந்த சர்க்கரைக்கு மூலப்பயிர் எது என்பது பொருட்டல்ல. சர்க்கரையைச் சேமிக்கும் உயரமான கலன்களான சைலோக்களுக்கு அடியில் ஓடிய கடத்துப் பட்டையைச் சுற்றிக் கூண்டு அமைத்தபோது தூசு வெளியேற வழி செய்யாததால், உள்ளே வெடிக்கக்கூடிய அளவுக்குத் தூசு சேர்ந்தது. சூடேறிய பேரிங் ஒன்று அதைப் பற்றவைத்திருக்கக்கூடும் என்று விசாரணை கூறியது. முதல் வெடிப்பின் அதிர்ச்சி, தளங்களிலும் உத்தரங்களிலும் படிந்திருந்த தூசைக் கிளப்பி அடுத்தடுத்த வெடிப்புகளை உண்டாக்கியது.

பொருளின் தூய்மையைக் காக்கும் நல்ல நோக்கத்தோடு செய்யும் மாற்றமும், காற்றோட்டத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஆளைக் கொல்லும். சர்க்கரையை மேலே ஏற்றும் வாளித் தூக்கிகளின் பேரிங்குகளில் வெப்ப உணரியும், பட்டை விலகலைக் காட்டும் கருவியும் வையுங்கள். தூசை அழுத்தக் காற்றால் ஊதித் துரத்தக் கூடாது. தூசுச் சூழலுக்கென்று செய்யப்பட்ட உறிஞ்சு கருவியால் எடுக்க வேண்டும். வெல்டிங் அனுமதிச் சீட்டு எழுதுபவர் அலுவலகத்தில் அமர்ந்தபடி எழுதாமல், இடத்துக்கு நேரில் போய் மேலே இருக்கும் உத்தரத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

கேள்வி: புதிதாகப் பொறுப்பேற்ற இளநிலைப் பொறியாளர் நான். பெரிய நிதி கிடையாது. எங்கே தொடங்குவது?

பதில்: பருவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். எந்த வேலைக்குச் சாரம் கட்ட வேண்டியிருந்தது, எங்கே எடை தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிட உத்தரம் இல்லாமல் குழாயிலேயே மாட்டினார்கள், எந்தக் காப்புக் கூண்டை நான்கு பேர் தூக்க வேண்டியிருந்தது, எந்தப் போல்ட்டுக்கு ஸ்பேனர் நுழையவில்லை என்று அன்றன்றே எழுதுங்கள். பருவம் முடிந்த பின் நினைவிலிருந்து எழுதினால் பாதி விடுபட்டுவிடும். ஃபிட்டர்களிடமும் உதவியாளர்களிடமும் நேரில் கேளுங்கள். குற்றம் கண்டுபிடிக்க வரவில்லை என்று அவர்களுக்கு உறுதியானால் மறைக்காமல் சொல்வார்கள். அந்தக் கூண்டை இரண்டாகப் பிரித்துக் கீல் போடுவதும், நிரந்தர உத்தரம் ஒன்றை எடைச்சோதனை செய்து பொருத்துவதும், சாரம் கட்டிய இடத்தில் கைப்பிடியோடு மேடை அமைப்பதும் பெரும்பாலும் ஆலையின் பணிமனையிலேயே முடியக்கூடியவை.

சுட்ட சுண்ணாம்பை நீரில் கலந்து சுண்ணாம்புப் பாலாக்கும் நீற்றுக் கலத்தின் அருகில் கண் கழுவும் நீர்த்தாரை வேலை செய்கிறதா என்று முதல் வாரத்திலேயே நீங்களே திறந்து பாருங்கள். சூடான சுண்ணாம்புப் பால் கண்ணில் பட்டால் உடனே, குறைந்தது 15 நிமிடம் இடைவிடாமல் கழுவ வேண்டும். குளிர்காலத்தில் அந்தக் குழாய் உறைந்துபோகாமலிருக்க வெப்பக் காப்பு இருக்கிறதா, அதற்குப் போகும் வழியில் யாராவது மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.