பனியில் வேலை செய்ய ஏற்ற கையுறை எது?

கேள்வி: பனி பொழியும் இடத்தில் வெளிவேலை பார்க்கிறேன். பனியை அள்ளி ஒதுக்குவதும் இரும்புக் குழாய்களைப் பூட்டுவதுமாக நாள் முழுவதும் கைக்கு ஓய்வில்லை. தடித்த கையுறை அணிந்தும் ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தடிமனை மட்டும் நம்பி வாங்காதீர்கள். விரல்களின் சூட்டைக் காப்பது கையுறைக்குள் தங்கும் காற்று. மணிக்கட்டு வழியே புகுந்த பனி உருகியோ, உள்ளங்கை வியர்த்தோ உள்ளே ஈரம் சேர்ந்துவிட்டால், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் நீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் விரல்கள் மரத்துப்போவதற்கு இந்த ஈரமே காரணமாக இருக்கக்கூடும்.

ஐரோப்பியத் தர அளவான இ.என். 511 பொறித்த கையுறைகளில் பனிப்படிகச் சின்னத்தின் கீழ் மூன்று குறிகள் இருக்கும். முதலாவது குளிர்காற்றைத் தாங்கும் திறனையும், இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடும்போது காக்கும் திறனையும் 0 முதல் 4 வரை காட்டும். மூன்றாவது 1 என்றிருந்தால், சோதனையில் 30 நிமிடம் வரை நீர் உள்ளே இறங்கவில்லை என்று பொருள். குழாய் பிடிக்கும் உங்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் மிக முக்கியம். எக்ஸ் என்ற குறி, அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்பதைக் காட்டும்.

அளவில் பலரும் தவறிவிடுகிறார்கள். உள்ளே அணியும் மெல்லிய கம்பளி உறையோடு சேர்த்துப் போட்டுப் பார்த்து, முஷ்டியை இறுக்க மூடுங்கள். விரல்நுனி முட்டினாலோ புறங்கை இழுத்தாலோ ஓர் அளவு பெரியதை எடுங்கள். இறுக்கமான உறை காற்றையும் பிழிந்துவிடும், இரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடும். பருத்தி உள்ளுறை வேண்டாம். நனைந்தால் அதில் கதகதப்பு நிற்காது. மணிக்கட்டுப் பகுதி நீளமாக, சட்டைக் கையோடு சேர்த்து இறுக்கும்படி இருக்கட்டும். பனி அள்ளுவதற்கு மட்டும், நான்கு விரலும் ஒன்றாய் இருக்கும் உறை இன்னும் கதகதப்பானது. பூட்டும் வேலைக்கு அது உதவாது.

ஒரே விலையுயர்ந்த ஜோடியைவிட, நடுவில் மாற்றிக்கொள்ள இரண்டு சுமாரான ஜோடிகள் இருப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. தோல் கையுறையை அடுப்பருகே காயவைக்காதீர்கள், விறைத்து வெடித்துவிடும்.

விரல் வெளுத்து உணர்விழந்தால் வேலையை உடனே நிறுத்துங்கள். தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம். உணர்வற்ற விரலுக்குச் சுடுவதே தெரியாது. மீண்டும் குளிரில் போக வேண்டியதில்லை என்னும்போது 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் கையை அமிழ்த்தி வைத்துவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.