அமெரிக்காவில் சோனோகிராபி படிக்கலாமா?

பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) அமெரிக்கா வந்திருப்பதாகவும், டயக்னாஸ்டிக் மெடிக்கல் சோனோகிராபி, அதாவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும் படிப்பு, படிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்கலாம். நானும் இங்கே ஒரு மருத்துவமனையில் இதே வேலையில்தான் இருக்கிறேன். கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

இந்தத் துறையில் பட்டத்தைவிட, சோனோகிராபர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தரும் ஏ.ஆர்.டி.எம்.எஸ். அமைப்பின் பதிவுக்குத்தான் மதிப்பு. அதற்கு இரண்டு தேர்வுகள். ஒன்று ஒலி அலை, கருவி பற்றிய எஸ்.பி.ஐ.; மற்றது வயிறு, மகப்பேறு, இதயம் என்று நீங்கள் எடுக்கும் பிரிவு. மருத்துவத் துணைப் படிப்புகளை அங்கீகரிக்கும் சி.ஏ.ஏ.எச்.இ.பி. அமைப்பின் அங்கீகாரம் உள்ள இடத்தில் படித்தால் நேராகத் தேர்வெழுதலாம். அங்கீகாரம் இல்லாத இடத்தில் பணத்தைக் கொட்டிப் படித்தவர்களிடம், ஓராண்டு முழுநேர ஸ்கேன் அனுபவம் எங்கே என்று கேட்பார்கள். பதிவு இல்லாமல் பெரும்பாலும் வேலை தர மாட்டார்கள். வேலை இல்லாமல் அனுபவம் எங்கிருந்து வரும்? இந்தச் சிக்கலில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

பலரும் பயப்படுவது எஸ்.பி.ஐ. தேர்வுக்குத்தான். டாப்ளர் விளைவு, அதிர்வெண், உடல் திசுவில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் போவது இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான பாடம். நீங்கள் புதிதாகப் படிக்க வேண்டியது உடற்கூறியலும் உடலியங்கியலும்.

ஆனால் இந்த வேலையின் சூட்சுமம் கைத்திறனில்தான் இருக்கிறது. பித்தப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டால் அது சுருங்கிவிடும் என்பதால் வெறும் வயிற்றில் வரச் சொல்வோம். உள்ளே வெள்ளையாக ஒன்று தெரிகிறது, அது கல்லா, சதை வளர்ச்சியா? நோயாளியை இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்வேன். கல் என்றால் பெரும்பாலும் உருளும், பின்னால் கருநிழல் விழும். பாலிப் என்கிற சதை வளர்ச்சி சுவரை விட்டு நகராது. மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொன்னால் கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே இறங்கி வழிவிடும். நான் எடுக்காத படத்தை, ஸ்கேனைப் பார்த்து முடிவு சொல்லும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் பார்க்கவே முடியாது. இந்தப் பொறுப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கஷ்டமும் உண்டு. கர்ப்பிணி ஒருவர் "குழந்தை நல்லா இருக்கா?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். திரையில் இதயத் துடிப்பு இருக்காது. முடிவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவர் வரும்வரை நான் அந்த அறையில் இருந்தாக வேண்டும். அப்புறம் தோள்வலி. உடலில் வைத்து ஸ்கேன் எடுக்கும் புரோபை அழுத்திப் பிடித்தே தோளும் மணிக்கட்டும் போய்விடுகின்றன. கட்டிலின் உயரத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் படிக்கும்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் நன்றாகவே இருக்கிறது. 2023 அரசுக் கணக்குப்படி, நாட்டின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 80,000 டாலருக்கு மேல். எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை, வேலைக்குத்தான் ஈ.ஏ.டி. என்னும் வேலை அனுமதி அட்டை வேண்டும்; அது கிடைப்பது பெரும்பாலும் கிரீன் கார்டு மனுவைப் பொறுத்தது. உங்கள் கணவரின் கிரீன் கார்டு மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு காலத்தைக் கணக்கிடுங்கள்.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இதையும் யோசியுங்கள்: இந்தியாவில் கருவிலேயே பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பவர் உரிய தகுதியுள்ள மருத்துவராக இருக்க வேண்டும். இதயத்துக்கான அல்ட்ராசவுண்டான எக்கோ எடுக்கும் டெக்னீஷியன்களுக்கு அங்கே வேலை உண்டு. அதனால் இதயப் பிரிவையும் சொல்லித்தரும் கல்லூரி கிடைத்தால் அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள்.