சர்க்கரை உள்ள அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போடணுமா?

கேள்வி: "அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு, சென்னையில் இருக்கிறார். போன வருஷம் ஃப்ளூ ஊசி போட்டும் சளி பிடித்தது. மறுபடி போடணுமா?"

போடுங்கள். இந்த வயதில், சர்க்கரையும் இருக்கும்போது, ஃப்ளூ சாதாரணக் காய்ச்சலாக முடியாமல் நிமோனியா வரை இழுத்துவிடலாம். அந்த நாட்களில் சர்க்கரை அளவும் எகிறும், மாரடைப்பு அபாயமும் கூடும்.

போன வருஷச் சளி வெறும் தும்மலும் மூக்கொழுகலும்தான் என்றால், அது பெரும்பாலும் ரைனோ மாதிரி வேறு வைரஸாக இருந்திருக்கும். இந்த ஊசி இன்ஃப்ளூயன்சாவுக்கு, அதாவது ஃப்ளூவுக்கு மட்டும்தான். அதையும் முழுசாகத் தடுக்காது. ஊசி வைரஸோடு நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில்கூட, டாக்டரிடம் போகிற அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கிறது. வயதானவர்களுக்கு இன்னும் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கும் நிலையைக் குறைக்கிறதே, அப்பாவுக்கு அதுதான் முக்கியம்.

வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது, ஊசி தந்த எதிர்ப்பும் சில மாதங்களில் தேய்கிறது. அதனால்தான் வருஷா வருஷம். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் புதுக் கலவையைப் பரிந்துரைக்கிறது. அட்டைப்பெட்டியில் எந்த ஆண்டுக்கான ஊசி என்று அச்சிட்டிருக்கும். காலாவதித் தேதியோடு அதையும் பாருங்கள்.

சென்னையில் வடகிழக்குப் பருவமழையின்போது, அக்டோபர், நவம்பரில் ஃப்ளூ அதிகம். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. முன்பு இதே ஊசிக்குக் கடுமையான அலர்ஜி வந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். போகும்போது, நிமோனியா தரும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் ஊசி பற்றியும் கேட்டுவிடுங்கள்.