பழைய தமிழ்ப் பாட்டுகளை டர்பனில் இருந்துகொண்டு தேடி எடுப்பது எப்படி?

கேள்வி: டர்பனில் இருக்கிறேன். ஆயா கேட்ட 1940, 50, 60களின் தமிழ்ப் பாட்டுகள் இணையத்தில் எங்கே கிடைக்கும்? இலவசத் தளங்களில் இறக்கிக்கொள்வது சட்டப்படி தப்பா? வீட்டில் பழைய தட்டுகளும் கேசட்டுகளும் இருக்கின்றன. அவற்றை என்ன செய்யலாம்?

பதில்:

கடைசியில் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். தேடலுக்கு வேண்டிய துப்பு அந்தத் தட்டுகளில்தான் இருக்கிறது. பாட்டின் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் பத்துப் பேர் பாடிய பத்துப் பதிப்புகள் வந்து விழும். ஆயா கேட்டது அதில் எது என்று தெரியாது.

தட்டை நல்ல வெளிச்சத்தில் வைத்து நடுவில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். கம்பெனி பெயர், படத்தின் பெயர், பாடியவர் பெயர், ஓர் எண் ஆகியவை இருக்கும். எச்.எம்.வி. தட்டென்றால் பெரும்பாலும் ‘என்’ எழுத்தில் தொடங்கும் எண். கொலம்பியா என்றால் ‘ஜி.இ.’. இந்த எண்ணையும் கம்பெனி பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பாட்டு வரியைவிடச் சரியாக இது கொண்டுபோய்ச் சேர்க்கும். லேபிளுக்கு வெளியே, ஊசி ஓடும் பள்ளங்கள் முடிந்த வழுவழுப்பான வளையத்தில் பொறித்த எண் ஒன்றும் இருக்கும். அது அந்த ஒலிப்பதிவின் எண். டர்பன்காரர்களுக்கு இது முக்கியம். இந்தியா 1946இல் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியது. 1990களின் தொடக்கம் வரை அந்தத் தடை நீடித்தது. ஆகவே இங்குள்ள தட்டு நேராகக் கிராமபோன் கம்பெனியின் கல்கத்தா டம்டம் ஆலையிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். வேறு நாட்டில் அச்சடித்திருந்தால் லேபிள் எண் மாறியிருக்கலாம். அப்போது பொறித்த எண்தான் கைகொடுக்கும்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்றேகால் நிமிடம்தான் கொள்ளும். படத்தில் ஐந்து நிமிடம் ஓடும் பாட்டைத் தட்டுக்காகச் சுருக்கியிருப்பார்கள், இல்லையென்றால் இரண்டு பக்கமாக வெட்டியிருப்பார்கள். பின்னணிப் பாட்டு வழக்கத்துக்கு வருமுன் எடுத்த 1930களின் படங்களில் நடிகரே கேமரா முன்னால் பாடினார். தட்டுக்குத் தனியாக இன்னொரு முறை பாடிப் பதிந்தார்கள். ஆகவே “ஒரு சரணம் குறைகிறதே, யாரோ வெட்டிவிட்டார்கள்” என்று முடிவு கட்டும் முன், உங்களுக்கு வேண்டியது தட்டுப் பதிப்பா, படப் பதிப்பா என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். முழுப் பாட்டும் வேண்டுமென்றால் தேட வேண்டியது படத்தை.

தட்டு இல்லை, ஆயா முணுமுணுத்த வரி மட்டும்தான் இருக்கிறது என்றால் முதலில் தமிழ் எழுத்தில் தேடுங்கள். பிறகு ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதிப் பாருங்கள். ‘ழ’வை ஒருவர் இசட்-எச் என்று எழுதுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார், மூன்றாமவர் இசட் மட்டும் போடுவார். ‘த’வுக்கு t, th, d என்று மூன்று வழி. நெடிலுக்கு ஓர் ‘ஏ’யா, இரண்டா என்பது எழுதுகிறவர் இஷ்டம். தென்னாப்பிரிக்கத் தமிழர் ‘உ’வுக்கு இரண்டு ‘ஓ’ போடும் வழக்கம் இந்தியாவில் பதிவேற்றுகிறவர்களிடம் குறைவு. அதை மாற்றியும் தேடுங்கள். படத்தின் பெயர் தெரிந்தால் வரியை விட்டுவிட்டு படம், ஆண்டு, பாடகர் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். பழைய சினிமா பாட்டுப் புத்தகங்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ளன. வரி பிடிபடாத பாட்டுக்கு அவை பெரிய துணை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பாட்டுப் புத்தகத் தொகுப்பு உண்டு.

இனி, கிடைக்கும் இடங்கள். எச்.எம்.வி., கொலம்பியா தட்டுகளின் சொத்து இன்று சரிகம நிறுவனத்திடம் இருக்கிறது; பழைய கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாதான் 2000இல் அந்தப் பெயருக்கு மாறியது. அவர்கள் வெளியிட்டவை ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் எல்லாவற்றிலும் ஓரளவுக்குக் கிடைக்கும். கேட்பது மட்டும் போதும் என்றால் இங்கேயே நின்றுவிடலாம். கோப்பாகவே சொந்தமாக வேண்டுமென்றால் ஐடியூன்ஸ் ஸ்டோரில் தனிப் பாட்டாக வாங்கலாம். பூட்டு எதுவும் இல்லாத 256 கேபிபிஎஸ் ஏ.ஏ.சி. கோப்பு வரும்.

இந்தச் சேவைகளில் பெயர்ப் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். 1955 படப்பாட்டுக்கு 2004 என்று ஆண்டு போட்டிருப்பார்கள். அது தொகுப்பு வெளியான ஆண்டு. கோரஸில் பாடியவர் முதன்மைப் பாடகராக இருப்பார். இன்னும் மோசம், பிற்காலத்தில் வேறு குரலில் சின்தசைசர் வைத்துத் திரும்பப் பாடியதை அசல் படப்பெயரிலேயே போட்டிருப்பார்கள். வாங்குமுன் மாதிரித் துணுக்கைக் காது கொடுத்துக் கேளுங்கள். பின்னணியில் தபலாவும் வயலினும் பளிச்சென்று இடமும் வலமும் பிரிந்து நின்றால் அது 1950களின் பதிவாக இருக்காது.

கடையில் இல்லாதவற்றுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் களஞ்சியம். ஊடக வகையில் ஆடியோ, மொழியில் தமிழ் என்று வடிகட்டி, அதன் பிறகு பாடகர் பெயரைப் போடுங்கள். தட்டின் லேபிளைப் படமெடுத்துச் சேர்த்திருக்கும் பதிவை முதலில் நம்புங்கள். எம்பி3 பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாமல், ‘எல்லாக் கோப்புகளும்’ பக்கத்துக்குப் போய் ஃப்ளாக் (ஒலித் தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு) இருக்கிறதா பாருங்கள். பதினாறு பிட் மோனோ ஃப்ளாக், ஒரு தட்டுப் பக்கத்துக்கு ஏறக்குறைய பத்து எம்பிதான் வரும். மொபைல் டேட்டாவிலேயே எடுத்துவிடலாம். நேற்று இருந்தது இன்று காணாமல் போவதும் அங்கே உண்டு. அந்த நிறுவனம் அமெரிக்காவில் இருக்கிறது. அந்நாட்டுச் சட்டப்படி 1923 முதல் 1946 வரையான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டு, 1947 முதல் 1956 வரையானவற்றுக்கு 110 ஆண்டுப் பாதுகாப்பு. 2023இல் பெரிய இசை நிறுவனங்கள் அதன் 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) திட்டத்தின் மீது வழக்கே போட்டன.

1930களின் ஓடியன் கம்பெனித் தட்டுகளைத் தேடுகிறவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள் திட்டத்தைப் பாருங்கள். ஓடியன் 1932 முதல் 1938 வரை சென்னையிலும் பதிவு செய்தது. இந்தியச் சேகரிப்பாளர்களிடமிருந்த ஓடியன் தட்டுகளை எண்மயமாக்கிய தனித் திட்டம் ஒன்று அங்கே இருக்கிறது.

தட்டும் கிடைக்காதபோது படமே மிச்சம். பழைய படங்கள் யூடியூபில் ஏராளம். ஆனால் அவற்றில் பல, விசிடி அல்லது வீடியோ கேசட்டிலிருந்து வந்தவை. திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடிய படத்தை, இந்தியாவிலும் இங்கேயும் வழங்கிய ‘பால்’ (PAL) என்ற டிவி முறை வீடியோவுக்காக 25 ஃபிரேமாக ஓட்டினார்கள். விளைவு, பாட்டு நான்கு சதவீதம் வேகமாகவும், முக்கால் அரைச்சுரம் அளவுக்குச் சுருதி ஏறியும் இருக்கும். பாடகரின் குரல் சற்றே சிறுபிள்ளைத்தனமாக ஒலித்தால் காரணம் இதுதான். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் திருத்த மென்பொருளில் ‘வேகம் மாற்று’ என்பதில் -4 போட்டால் சரியாகிவிடும். ‘டெம்போ மாற்று’ என்பதைத் தொடாதீர்கள். அது சுருதியை அப்படியே விட்டுவிடும்.

இலவச எம்பி3 தளங்களைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். உரிமையுள்ள பாட்டை அனுமதியின்றி வைத்திருக்கும் தளத்திலிருந்து இறக்குவது சட்டமீறல்தான். அதோடு கிடைக்கும் சரக்கும் மட்டம். இருபது வருடத்துக்கு முன் 64 அல்லது 128 கேபிபிஎஸ்ஸில் சுருக்கிய கோப்பையே மறுபடி விரித்து ‘320’ என்று பெயர் மாட்டியிருப்பார்கள். யூடியூபிலிருந்து உருவுகிற தளங்களும் அப்படியே. யூடியூப் தருவதே ஏறக்குறைய 128 முதல் 160 வரைதான். அதை 320 ஆக்கினால் கோப்பு பருக்கும், ஒலி தேறாது. யூடியூபின் விதிகளுக்கும் அது விரோதம். சோதிக்க, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். தட்டிலிருந்து நேர்மையாக எடுத்த பதிவில், பாட்டு எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்குள் அடங்கினாலும் தட்டின் கரகரப்பு மேலே இருபதாயிரம் வரை மூட்டமாகத் தெரியும். அந்த மூட்டம் 16,000இல் கத்தி வைத்தாற்போல் நின்றால் அது 128 எம்பி3 வழியாக வந்தது. 5,000க்கு மேல் வெறும் கறுப்பு என்றால், கரகரப்பை நீக்குகிறேன் என்று குரலின் மெருகையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். கரகரப்போடு இருப்பதையே எடுங்கள். அதைப் பிறகு குறைக்கலாம், துடைத்துப் போனதை மீட்க முடியாது.

சட்டத்தைப் பார்க்கும்போது ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருப்பதை மறக்காதீர்கள்: ஒலிப்பதிவு ஒன்று, சொல்லும் மெட்டும் இன்னொன்று. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு. 1970இல் வந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 டிசம்பரோடு முடிந்தது. இந்தியாவில் இதுவே 60 ஆண்டு. சொல்லுக்கும் மெட்டுக்கும் இங்கே ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 50, இந்தியாவில் 60. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இலும் ஜி. ராமநாதன் 1963இலும் மறைந்தார்கள். இரண்டு நாட்டிலும் காலம் முடிந்துவிட்டது. பாபநாசம் சிவன் 1973: இங்கே முடிந்தது, இந்தியாவில் 2033 முடியும் வரை உண்டு. கண்ணதாசன் 1981: இங்கே 2031 வரை. எம்.எஸ். விஸ்வநாதன் 2015இல்தான் மறைந்தார் என்பதால் அவர் மெட்டுகள் இங்கே 2065 முடியும் வரை விடுபடாது.

சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் நகலெடுக்கும் சலுகையை நம் சட்டம் எழுத்துக்கும் இசையமைப்புக்கும் தருகிறது. ஒலிப்பதிவுக்கு அதை நீட்டவில்லை. ஆகவே 50 ஆண்டு தாண்டிய தட்டை வீட்டில் கேட்பதற்காகக் கணினியில் ஏற்றிக்கொள்வதில் சிக்கல் இல்லை. 1985 கேசட்டை நகலெடுப்பது, அது உங்கள் சொந்தக் கேசட்டாகவே இருந்தாலும், எழுத்துப்படி அனுமதியில் சேராது. யூடியூபில் ஏற்றுவது தனி விஷயம். காலம் முடிந்த பதிவாக இருந்தாலும் தானியங்கிச் சோதனை சரிகமவின் பதிப்போடு ஒப்பிட்டு உரிமை கோரும். மெட்டுக்கு உரிமை மிச்சமிருந்தால் அந்தக் கோரிக்கை நியாயமானதும்கூட. கோயில் விழாவிலோ கல்யாண மண்டபத்திலோ பொதுவில் போட, இசையமைப்பாளர்களுக்கான தென்னாப்பிரிக்க உரிமை அமைப்பான சாம்ரோவின் உரிமம் இருக்கிறதா என்று மண்டபத்தாரிடம் கேளுங்கள்.

தட்டுகளுக்கு வருவோம். 78 தட்டு அரக்கால் ஆனது. ஸ்பிரிட், ஆல்கஹால் கலந்த துடைப்பான் எதுவும் கூடாது, அரக்கைக் கரைத்துவிடும். வடிகட்டிய நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, மெல்லிய பிரஷ், லேபிள் நனையாமல் சுற்றிவாக்கில் தேய்த்து, நிறுத்திவைத்து உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். பிற்கால எல்.பி. தட்டுக்கான ஊசியால் ஓட்டக் கூடாது. அதன் முனை 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று), 78இன் பள்ளத்துக்கு 3 மில் வேண்டும். சின்ன முனை பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கைத்தான் படிக்கும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 ஆக இருந்தால் எஸ்.பி. என்ற 78 ஊசியை மட்டும் வாங்கி மாட்டலாம்; எடை 5 கிராம் வைக்க வேண்டும். டர்ன்டேபிளில் 78 வேகம் இல்லையா, 45இல் ஓட்டிப் பதிந்து ஆடாசிட்டியில் 73.33 சதவீதம் வேகம் கூட்டுங்கள். இரண்டு சேனலையும் கலந்து மோனோ ஆக்குங்கள். கரகரப்பில் ஒரு பகுதி அதிலேயே அடிபட்டுப் போகும். தட்டின் ஒலியைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்பிலுள்ள ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒலிச் சமன் திருத்தம் 1954க்குப் பிறகு பரவியது. பழைய தட்டு அதன் வழியாக வந்தால் மந்தமாகக் கேட்கும்; ட்ரெபிளைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள். கையால் எதையும் திருத்தும் முன், எடுத்தது எடுத்தபடி 24 பிட் ஃப்ளாக் ஒன்றைத் தனியே வைத்துவிடுங்கள்.

கேசட்டில் டர்பனின் ஈரக்காற்றுதான் எதிரி. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். நன்றாக இருப்பதை ஒருமுறை கடைசிவரை சுற்றித் திரும்பச் சுற்றிவிட்டுப் பதியுங்கள். ஒலி மங்கலாக இருந்தால் ஹெட்டின் பக்கத்திலுள்ள சின்ன ஸ்குரூவைக் கால் சுற்றுக்குள் அசைத்து, கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

இந்தியப் படப்பாட்டுகள் இன்றில்லாவிட்டால் நாளை எங்காவது அகப்படும். இங்கே நேட்டாலில் பாடிப் பதிந்தவை அப்படியல்ல: கோயில் பஜனைக் குழுக்கள், கல்யாண ஆர்க்கெஸ்ட்ராக்கள், தெருக்கூத்துப் பாட்டுகள், வானொலியிலிருந்து வீட்டில் பிடித்த கேசட்டுகள். இவை எந்தப் பட்டியலிலும் வராது. உங்கள் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் மற்றதை நிறுத்திவிட்டு அதை முதலில் பதியுங்கள். லேபிளையும் கேசட் உறையில் இருக்கும் கையெழுத்தையும் படமெடுத்து, கோப்பின் பெயரிலேயே பாட்டு, குழு, ஊர், தெரிந்த ஆண்டு ஆகியவற்றைப் போடுங்கள். ஒரு பிரதியைக் கொடுத்து வைக்க, டர்பனின் 1860 பாரம்பரிய மையத்தையும் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தையும் கேட்டுப் பாருங்கள். ஆயாவிடம் அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதுவதை, பதிவு முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.